ஒரு தடவைதான் கூப்பிடுவேன்

அன்று மலையில் எங்கள் ஸ்டோர்ப் பக்கம் யார் யார் இருந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான், உக்கிரபாண்டி. என் தம்பி வெள்ளைத்துரை. எங்கள் கங்காணி காசிமாயன். காஸ் தொட்டிக்குக் கல் போடும் மொக்கையன். பொதி சுமக்கும் கழுதை ஒன்றும் நின்றது. அதை எழுத வேண்டாம். எங்கள் சாமியும் அங்கே இருந்தது. அதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள்.

உட்காரச் சொன்னதற்கு நன்றி. நின்றே சொல்கிறேன். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. நான் சொல்வது எனக்கே பாதகமாக முடியும் என்று எச்சரித்தீர்கள். அதுவும் விளங்கியது. போடியிலிருந்து உங்கள் மாஜிஸ்திரேட் கச்சேரி வரைக்கும் என் சொந்த வண்டியில், என் சொந்த விருப்பத்தில் வந்திருக்கிறேன்.

எங்கள் ஏலத்தோட்டம் போடிமெட்டுக்குச் சற்றுக் கீழே, மேகம் வந்து தங்கும் சரிவில் இருக்கிறது. பறித்த காயை உலர்த்தித் தரம் பிரிக்கும் கட்டடத்தைத்தான் ஸ்டோர் என்கிறோம். ஏலக்காய்க்கு வெயில் பட்டால் பச்சை நிறம் போய்விடும். பனி பட்டால் பூஞ்சை பூத்துவிடும். ஆகவே உலர்ந்த காயை வைக்கும் உள் அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவும் எப்போதும் சாத்தியே இருக்கும். கார்த்திகை மாதத்தில் நடுப்பகலிலும் அங்கே விளக்கு வேண்டும்.

என் தம்பி மதுரையில் படித்தவன். அங்கே ஒரு ஜவுளிக்கடையில் காஸ் விளக்கைப் பார்த்துவிட்டு வந்து, நம் ஸ்டோருக்கும் அது வேண்டும் என்றான். தண்ணீர் சொட்டினால் கார்பைடு கல் பொங்கி காஸ் விடும். அந்தக் காஸ் ஒரு தொட்டியில் சேர்ந்து, இரும்புக் குழாய் வழியாக விளக்குக்குப் போகும். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. போடி வட்டாரத்தில் வேறு எவர் தோட்டத்திலும் அது இல்லை.

குழாய் போடும் இடத்தில்தான் ஒரு பேச்சு வந்தது. தொட்டிக்கும் ஸ்டோருக்கும் நடுவே, உள் அறையின் பின்சுவரை ஒட்டினாற்போல் எங்கள் சாமிக்கல் நிற்கிறது. ஆள் உயரக் கல். எங்கள் பூட்டன் அதைத் தலையில் சுமந்து மலையேற்றியவர். சுமந்தவர் வம்சம் என்பதால், கார்த்திகைச் சாமி கும்பிடில் விபூதித் தட்டு முதலில் எங்கள் வீட்டுக்கு வரும். பிறகுதான் ராசிங்காபுரத்துப் பங்காளிகளுக்கும் மற்றவர்களுக்கும். அதற்காக எங்கள் தாத்தா காலத்தில் வெட்டுக்குத்து வரை போயிருக்கிறது.

குழாய் பொருத்த மதுரையிலிருந்து வந்தவர், கல்லுக்கு மேலாகக் கொண்டுபோனால் ஒரே சாய்வாக அமையும், தண்ணீர் தேங்காது என்றார். சாமியின் தலைக்கு மேல் எதுவும் போகக் கூடாது என்றேன். சுற்றிக்கொண்டு போக ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளத்தாக்கு. கடைசியில் சாமிக்கு முன்னால் மண்ணுக்குள் இறக்கி, அந்தப் பக்கம் ஏற்றினோம். அதனால் குழாயில் ஒரு பள்ளம் விழுந்தது.

அந்தப் பள்ளத்தின் குணத்தை எங்கள் வீட்டில் என்னைவிட அறிந்தவர் இல்லை. கல் பொங்கும்போது காஸ் சூடாக, ஈரமாக வரும். மலைக் குளிரில் குழாய் சில்லென்று இருக்கும். சோற்றுப் பானை மூடியின் உட்புறம் வியர்ப்பதுபோல, குழாயின் உட்புறம் வியர்க்கும். அந்த வியர்வை சொட்டுச் சொட்டாக இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். தேங்கிய தண்ணீர் குழாயின் வாயை நிறைத்துவிட்டால் அதற்கு மேல் காஸ் போகாது. முதலில் விளக்கின் சுடர் குதிக்கும். பிறகு இருமுவதுபோல் இரண்டு தடவை விட்டு விட்டு எரியும். பிறகு அணைந்துவிடும். குளிர் அதிகமான நாளில் ஒரே பகலில் அடைத்துக்கொள்ளும்.

அடைப்பை எடுக்கப் பள்ளத்தின் அடியில் ஒரு வடிகுழாய் வைத்திருந்தார்கள். மேலே ஒரு பலகைக்கல். கல்லைத் தூக்கி, கை விட்டுத் திருகைத் திருப்பினால் தண்ணீர் வடியும். வடிந்ததும் காஸ் பழையபடி ஓடும். ஆனால் அந்த இடம் சாமிக்கு நேர் முன்னால், பொங்கல் வைக்கும் மண். கண்டவரும் அங்கே குந்தி இரும்பைத் திருகுவதை என்னால் அனுமதிக்க முடியாது. வீட்டுக்கு மூத்தவன், தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு வந்து செய்யலாம் என்று வைத்தேன். மூத்தவன் நான்தான்.

தோட்டத்து ஆட்கள் இதை வைத்துக் கேலி பேசியது எனக்குத் தெரியும். காய் பொறுக்கும் இருளம்மாள்தான் ஆரம்பித்தாள். மொக்கையனின் மனைவி. ஒருநாள் விளக்குச் சுடர் குதித்தபோது அவள் மற்றப் பெண்களிடம் சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற என் காதில் விழுந்தது.

“சாமிக்குச் சளி புடிச்சிருச்சுடி. பெரியய்யா குளிச்சு முழுகி வந்து மூக்கைச் சிந்தி விட்டாத்தேன் நமக்கு வெளிச்சம்.”

பெண்கள் சிரித்தார்கள். நான் வந்த வழியே திரும்பினேன். அதட்டியிருந்தால் நான் ஒட்டுக் கேட்டதாக ஆகியிருக்கும்.

இனி வேலை முறையைச் சொல்கிறேன். அது புரியாவிட்டால் மற்றது புரியாது. உள் அறையில் விளக்குகள் உயரத்தில் இருக்கின்றன. விளக்கு தானாக அணைந்தால் அதன் திருகு திறந்தபடியே இருக்கும். அந்த நிலையில் நான் அடைப்பை எடுத்தால், எரியாத காஸ் அறைக்குள் கொட்டும். அதன்பின் தீக்குச்சி கிழித்தால் அறையே வெடிக்கும். ஆகவே உள்ளே இருப்பவர் ஒரு லாந்தரைப் பொருத்திக்கொண்டு, முக்காலியில் ஏறி, திருகுகளை எல்லாம் அடைக்க வேண்டும். வெளியே நான் பலகைக்கல்லைத் தூக்கிவிட்டு, “அடைச்சாச்சா?” என்று குரல் கொடுப்பேன். உள்ளேயிருந்து “அடைச்சாச்சு” என்று பதில் வரும். பிறகுதான் வடிகுழாய்.

போன வருஷம், சாமி கும்பிடுக்குக் கொஞ்ச நாள் முன்பு, நல்ல மழையில் விளக்கு அணைந்தது. உள்ளே இருளம்மாள் மட்டும் இருந்தாள். நான் குளித்துவிட்டு வந்தேன். தம்பி எனக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றான். நான் “அடைச்சாச்சா?” என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. தகரக் கூரையில் மழை கொட்டியது.

தம்பி சொன்னான், “காதுல விழுகலை போலண்ணே. இன்னொருக்கக் கூப்பிடுங்க.”

நான் யாரையும் ஒரு தடவைக்கு மேல் கூப்பிடுவதில்லை. என் தகப்பனாரும் கூப்பிட்டதில்லை. எங்கள் வீட்டு மூத்தவர் குரல் கொடுத்தால் மறுகுரலுக்கு வேலை வைக்கக் கூடாது என்பது போடியில் எல்லோருக்கும் தெரிந்தது. கூலிக்கு வந்த ஒரு பெண்ணை, மழையில் நின்றுகொண்டு, இரண்டு தடவை மூன்று தடவை கெஞ்சிக் கூப்பிட முடியுமா? நான் வடிகுழாயைத் திறந்தேன்.

அவள் அதற்குச் சற்றுப் பின்தான் லாந்தரைப் பொருத்தியிருக்க வேண்டும்.

கிராம முன்சீப் வந்து விசாரித்தார். திருகை அடைக்காமல் தீ வைத்தாள் என்று சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவள் அடைக்கவில்லை, தீயும் வைத்தாள். மொக்கையனுக்கு வேண்டியதைச் செய்தேன். வேலையிலும் அவனையே வைத்துக்கொண்டேன். அறையைத் திரும்பக் கட்டினோம்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். என் தம்பிதான் அதை முடிய விடவில்லை. அவன் சாப்பாடு குறைந்தது. அவன் மனைவி மாயக்காள் என்னிடம் வந்து, “மாமா, அவுக ராத்திரியில எந்திரிச்சு உக்காந்துக்கிட்டு, கூப்பிட்டிருக்கணும், கூப்பிட்டிருக்கணும்ங்கிறாக. யாரைன்னு கேட்டாச் சொல்ல மாட்டேங்கிறாக” என்றாள். எனக்குத் தெரியும். மூத்தவன் ஒரு தடவை கூப்பிட்ட பிறகு இளையவன் அதன்மேல் குரல் கொடுப்பது எங்கள் வீட்டில் மரியாதை இல்லை. அன்று அவன் குடையோடு சும்மா நின்றதற்கு அதுதான் காரணம். சரியாகத்தான் நடந்துகொண்டான். சரியாக நடந்ததற்காக ஒருவன் தூக்கம் கெட்டால் நான் என்ன செய்ய முடியும்?

அவன் ஒரு புதிய முறையும் கொண்டுவந்தான். விளக்கு அணைந்தால் உள்ளே இருப்பவர் எதையும் பொருத்தக் கூடாது. இருட்டிலேயே இருக்க வேண்டும். வெளியே ஆள் வந்ததும், வடிகுழாயைத் தொட்டாயிற்றா என்று உள்ளேயிருந்து முதலில் கேட்க வேண்டும். தொடவில்லை என்று பதில் வந்த பிறகுதான் தீக்குச்சி. பிறகு திருகை அடைப்பது, பிறகு என் குரல், பிறகு பதில். பதில் இல்லாமல் வடிகுழாயைத் திறப்பதில்லை என்று சாமிக்கல்லைத் தொட்டு என்னைச் சத்தியம் செய்யச் சொன்னான். செய்தேன். நல்ல முறைதான். அதில் நான் குறை சொல்லவே மாட்டேன்.

இந்த வருஷம் கார்த்திகை பிறந்தது. சாமி கும்பிடு நெருங்கியது. நான் ஏற்பாடுகளைப் பார்க்க மலைக்குப் போயிருந்தேன். அன்று தம்பியும் ஏறி வந்தான். மேகம் இறங்கி, சாமிக்கல்லே ஆள் நிற்பதுபோல் மங்கலாகத் தெரிந்தது. காசிமாயன் கழுதைக்குப் பொதி கட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

“சின்னய்யா, இந்தக் கழுதைகூட உங்களை மாதிரித்தேன். தீனி எடுக்க மாட்டேங்குது. நீங்க ரெண்டு பேரும் ஒரே ஏக்கத்துல கெடக்கீகளோ என்னமோ.”

“அது சொமக்குறது அதுக்குத் தெரியும் காசி. நாஞ் சொமக்குறதை இன்னைக்கு எறக்கி வைக்கத்தேன் வந்திருக்கேன்” என்றான் தம்பி. பிறகு என்னிடம் வந்தான். மூக்குப்பொடி போட்டுக்கொண்டான். அவனுக்கு அந்தப் பழக்கம் சிறு வயதிலிருந்தே உண்டு. பொடி போட்டுப் போட்டு அவனுக்கு வாசனை தெரியாது. ஏலக்காய் வியாபாரி வீட்டில் வாசனை தெரியாத பிள்ளை என்று உறவுக்காரர்கள் சிரிப்பார்கள்.

“அண்ணே, சாமி கும்பிடுல தட்டு நம்மகிட்ட வந்ததும் நான் வாங்க மாட்டேன்” என்றான்.

“வாங்குறது நான். நீ பக்கத்துல நிக்கிறவன்.”

“நீங்க வாங்குறதுக்கு முந்தி நான் மொக்கையனைக் கூட்டியாந்து நடுவுல நிறுத்தப் போறேன். அவன் கால்ல விழுந்து, அன்னைக்கு நடந்தது இதுதேன்னு எல்லாருக்கும் சொல்லப் போறேன்.”

“என்ன நடந்தது?”

“ஒரு வாட்டிதேன் கூப்பிட்டோம். பதில் வரலை. தெரிஞ்சே தொறந்தோம்.”

“தொறந்தது நான். நீ எதுக்கு விழுகணும்?”

“அப்ப நீங்க விழுகுங்கண்ணே. நான் பக்கத்துல நிக்கிறேன்.”

இதை அவன் கோபத்தில் சொல்லவில்லை. கெஞ்சிச் சொன்னான். கண்ணில் தண்ணீர் இருந்தது. நான் அவனைப் பேச விட்டேன். ராசிங்காபுரத்துப் பங்காளிகள் பார்த்துக்கொண்டிருக்க, பொட்டிபுரம்வரைக்கும் உள்ள சனம் கூடியிருக்க, விபூதித் தட்டு நடுவில் காத்துக்கொண்டிருக்க, பூட்டன் சுமந்த கல்லுக்கு முன்னால் எங்கள் வீட்டு ஆள் ஒருவன் தொட்டிக்குக் கல் போடுகிறவனின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுவதை நினைத்துப் பார்த்தேன். அதை ஒருமுறை நினைத்துப் பார்த்தவன் அதை நடக்க விட மாட்டான்.

“சாமி முன்னாலதான சொல்லப் போற. ரோசனை பண்ணிச் சொல்லு” என்றேன்.

“வருசம் பூராவும் ரோசனை பண்ணிட்டேண்ணே.”

“மொக்கையன்கிட்டச் சொல்லிட்டியா?”

“இல்லை. உங்ககிட்டச் சொல்லாம அவன்கிட்டச் சொல்லுவேனா?”

என் தம்பி அவ்வளவு மரியாதை தெரிந்தவன். இதை நான் எங்கேயும் சொல்வேன்.

சரி என்றேன். அவன் முகம் தெளிந்தது. என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். சாமி கும்பிடுக்குக் கொடுக்க வேண்டிய முதல் தரக் காயை உள் அறையில் பார்த்து எடுத்து வை, மேகம் விலகியதும் சேர்ந்து இறங்கலாம் என்றேன். உடனே போனான். அவனாகவே கதவைச் சாத்திக்கொண்டான்.

காலையில் விளக்கேற்றுமுன் பள்ளத்துத் தண்ணீரை வடித்துவிடுவது என் வழக்கம். அன்று வடிக்கவில்லை. மறதி என்று இதுவரை சொல்லி வந்தேன். தம்பி மலையேறி வருகிறான், ஒரு முக்கியமான பேச்சு இருக்கிறதாம் என்று மாயக்காள் முன்தினமே ஆள் விட்டுச் சொல்லியிருந்தாள். என்ன பேச்சு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. காய் பொறுக்கும் பெண்களையும் அன்று உச்சி வேளைக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அவர்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. அதை நீங்கள் என் இரக்கத்துக்கு அடையாளமாக எழுதிக்கொள்ளலாம். காசிமாயனைக் கழுதையோடு கீழே அனுப்பினேன். அதற்குள் அவன் மலைப்பாதையின் முதல் வளைவுக்குப் போயிருந்தான். மொக்கையனைத் தொட்டியை விட்டு நகர வேண்டாம் என்று சொல்லி வைத்தேன். தொட்டி தூரத்தில் இருக்கிறது.

விளக்கு அணையக் கொஞ்ச நேரம் பிடித்தது. சுவர்ப் பலகை இடுக்கில் தெரிந்த வெளிச்சம் குதித்தது, இருமியது, போய்விட்டது.

“அண்ணே, அணைஞ்சிருச்சு” என்று உள்ளேயிருந்து தம்பி சொன்னான். அன்று தூறல்தான். குரல் நன்றாகக் கேட்டது.

“இரு. குளிச்சிட்டு வர்றேன்” என்றேன்.

“வெரசா வாங்கண்ணே. இருட்டுல உக்காந்திருந்தா எனக்கு அவ ஞாபகமா வருது.”

நான் குளித்தேன். எந்தக் காரியமானாலும் சாமிக்கு முன்னால் முறையோடு செய்ய வேண்டும். ஈர வேட்டியோடு வந்து, செருப்புப் போடாமல், ஓசை இல்லாமல் பலகைக்கல்லைத் தூக்கினேன். நான் அன்று குரல் கொடுக்கவில்லை. வடிகுழாயைத் திறந்தேன். தண்ணீர் வடிந்தது. பிறகு காஸ் சீறி வெளியே வந்தது, திருகை மூடினேன். இனி அது அந்தப் பக்கம் ஏறும் என்று எனக்குத் தெரியும். விளக்கு முனையில் காஸ் சீறும் சத்தம் மெல்லியது. தகரத்தில் விழும் தூறல் அதை மறைக்கப் போதும். காஸுக்கு ஒரு பூண்டு நாற்றம் உண்டு. தம்பிக்கு வாசனை தெரியாது.

எவ்வளவு நேரம் காத்திருந்தேன் என்று கேட்கிறீர்கள். ஒரு வெற்றிலை போட்டு மென்று முடித்தேன்.

பிறகு கனைத்தேன்.

“வந்துட்டீகளாண்ணே?” என்று கேட்டான். பிறகு, அவன் கொண்டுவந்த முறைப்படி கேட்டான்: “வடிகுழாயைத் தொட்டுட்டீகளா?”

“இன்னும் தொடலை. நீ பொருத்திக்க” என்றேன்.

சொல்லிவிட்டு, சாமிக்கல் எனக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும்படி ஒதுங்கி நின்றேன்.

கூரை எழும்பி விழுந்தது. சுவர்ப் பலகைகள் நான் நின்ற பக்கமே தெறித்தன. என்மேல் ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. எல்லாவற்றையும் கல் வாங்கிக்கொண்டது. நான் முறைப்படி, குழாயில் காஸை மொத்தமாக நிறுத்தும் பெரிய திருகையும் அடைத்துவிட்டு, பலகைக்கல்லைப் பழைய இடத்தில் வைத்தேன். அதற்குள் மொக்கையன் ஓடி வந்தான். அவன்தான் உள்ளே புகுந்து என் தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவன் கையும் வெந்தது. தூக்கி வந்து சாமிக்கு முன்னால் கிடத்தினான். தம்பியின் முகத்தைத் துண்டால் மூடினான். அழவில்லை. கல்லைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“சாமி பாத்துக்கிச்சு பெரியய்யா” என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

அந்தச் சொல்லின் பாரம் அப்போது எனக்குத் தெரியவில்லை. தம்பியை இறக்கிக்கொண்டு போய் முறையாக எல்லாம் செய்தேன். கொள்ளி வைத்தது நான்தான். அவனுக்குப் பிள்ளை இல்லை; எனக்கும் இல்லை. எங்கள் தலைக்கட்டில் அந்தச் சடங்குக்கு அவ்வளவு கூட்டம் கூடியதில்லை. மாயக்காள் மூலையில் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் அருகில் போனபோது தலை நிமிராமல் கேட்டாள்.

“மாமா, நீங்க கூப்பிட்டீகளா?”

“கூப்பிட்டேன்.”

“எத்தனை வாட்டி?”

“ஒரு தடவை.”

என் வாழ்நாளில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். தம்பியிடம் தொடவில்லை என்றதும் பொய்தானே என்கிறீர்களா? சரி, இரண்டு. சத்தியத்தையும் கணக்கில் சேர்க்கிறீர்கள். அது வேறு. சாமிக்கும் எங்களுக்கும் உள்ளது. அதைக் கச்சேரியில் பேச வேண்டாம்.

அவன் போனதில் எனக்கு வருத்தம் இல்லை என்று நினைக்காதீர்கள். நான் சின்ன வயதில் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. ஆனால் ஒரு விபத்தில் செத்தவனாக, வீட்டுப் பெருமைக்குக் குறை வைக்காமல், நல்லபடியாகப் போனான். அவன் செய்ய இருந்த காரியத்தைச் செய்துவிட்டு உயிரோடு இருந்திருந்தால், போடித் தெருவில் அவனால் எப்படி நடந்திருக்க முடியும்? இதை நான் அவனுக்காகவும்தான் செய்தேன்.

நான் இங்கே வந்த காரணத்தை இப்போது சொல்கிறேன். தீட்டு என்பதால் சாமி கும்பிடைத் தை மாதத்துக்குத் தள்ளி வைத்தார்கள். தை மாதம் கூட்டம் கூடியது. நான் என் இடத்தில் நின்றேன். விபூதித் தட்டு வந்தது. என்னைத் தாண்டிப் போயிற்று. ராசிங்காபுரத்துப் பால்சாமியின் கையில் போய் நின்றது. அவன் எனக்குப் பங்காளி முறை, எனக்கு இளையவன். வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்து, வருத்தப்படுகிறவன்போல் சொன்னான்:

“மனசுல வைக்காதீகண்ணே. அடுத்தடுத்து ரெண்டு உசுரு அதே எடத்துல போயிருக்கு. சாமி உங்க வீட்டை விட்டு வெலகிருச்சுன்னு சனம் பேசுது. கோவிச்சுக்கிட்ட சாமிகிட்டப் போயி எப்படி உங்க கையால தட்டை வாங்கச் சொல்றது?”

கூட்டத்தில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. மொக்கையன் சொன்ன சொல்தான் மலையை விட்டு இறங்கி, வீடு வீடாகப் போய், அங்கே வந்து நின்றிருக்கிறது. இரும்பைத் தன் மண்ணில் இறக்கியதற்காகச் சாமி அடித்தது என்கிறார்கள். இருளம்மாளின் ஆவியோடு சேர்ந்து அடித்தது என்கிறார்கள். தட்டுத் தாண்டிப் போனபோது மாயக்காளும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் நான் கண்டதைச் சொல்ல மாட்டேன்.

அன்று தூங்கவில்லை. விடிந்ததும் வண்டி கட்டச் சொன்னேன்.

தூக்குக்கு நான் பயப்படவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான். இங்கே எழுதியதை ராசிங்காபுரத்தாரைக் கூட்டி வைத்து, பால்சாமியை முன்னால் நிறுத்தி, ஒரு எழுத்து விடாமல் படித்துக் காட்டச் செய்யுங்கள். அடுத்த கார்த்திகையில் தட்டு முதலில் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். வாங்குவதற்கு அங்கே ஆள் இருக்காது, தெரியும். வாசற்படியில் வைத்து எடுத்துக்கொண்டு போகட்டும். முறை என்பது முறைதான்.

ஒன்றை மட்டும் கடைசியாகத் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். சாமி எங்கள் வீட்டை அடித்தது என்று போடியில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். வெள்ளைத்துரையைக் கொன்றது நான். சாமிக்கு எங்கள்மேல் ஒரு வருத்தமும் இல்லை. பலகைகள் தெறித்தபோது அது என்னைத்தான் மறைத்து நின்றது.